அரச குமாரர்கள் வணங்கிய உபாலி

சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன் கங்கைச் சமவெளியில் இருவகை ஆட்சிகள் இருந்தன. மகதமும் கோசலமும் முடியரசுகள். சாக்கியர், மல்லர், லிச்சவியர் நாடுகளில் சபை கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். இவற்றைத்தான் பழங்காலக் குடியரசுகள் என்று பாடநூலில் படிக்கிறோம். ஆனால் அந்தச் சபைகளில் சத்திரியர்களுக்கு மட்டுமே இடம் இருந்தது. கபிலவஸ்துவில் சாக்கியர்களுக்கு முடிதிருத்தி வந்த உபாலிக்கு அங்கே இடமில்லை.

பத்தியர், அனுருத்தர், ஆனந்தர் உள்ளிட்ட சாக்கிய இளைஞர்கள் துறவு பூணப் புறப்பட்டபோது உபாலியும் உடன் போனார். எல்லை தாண்டியதும் அவர்கள் தங்கள் நகைகளைக் கழற்றி அவரிடம் கொடுத்துத் திரும்பச் சொன்னார்கள். நகைகளோடு தனியே திரும்பினால், இளைஞர்களைக் கொன்றுவிட்டதாகச் சாக்கியர்கள் தன் உயிரை எடுப்பார்கள் என்று உபாலி அஞ்சினார். நகைகளை ஒரு மரத்தில் கட்டிவிட்டு, அவர்களோடு புத்தரிடம் போய்ச் சேர்ந்தார்.

சாக்கியர்களின் குலப்பெருமை அடங்க, உபாலிக்கே முதலில் துறவு தரும்படி அந்த இளைஞர்களே கேட்டார்கள். புத்தர் அப்படியே செய்தார். சங்கத்தில் முதலில் சேர்ந்தவரே மூத்தவர். எனவே அரச குமாரர்கள் தங்கள் நாவிதரை வணங்கினார்கள்.

சங்க விதிகளாகிய விநயத்தில் உபாலியே தலைசிறந்தவர் ஆனார். புத்தர் மறைந்த பின் ராஜகிருகத்தில் 500 பிக்குகள் கூடியபோது, விநயம் பற்றிய கேள்விகளுக்கெல்லாம் விடை சொன்னவர் அவரே. தீர்மானத்தைச் சபையில் அறிவிப்பதும், கருத்து வேறுபட்டால் குச்சிகள் கொடுத்து எண்ணுவதும் விநயத்தில் உண்டு. 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர், இந்தியாவுக்கு நாடாளுமன்ற நடைமுறை புதிதல்ல என்று காட்ட பிக்கு சங்கத்தின் விதிகளையே எடுத்துக்காட்டினார்.

சாக்கியர் குடியரசு என்ன ஆனது? பெண் கேட்ட கோசல மன்னனுக்கு, அடிமைப் பெண் வயிற்றில் பிறந்த மகளை மறைத்துக் கொடுத்தார்கள். அவள் மகன் விடூடபன் விருந்துக்கு வந்து போனதும், அவன் உட்கார்ந்த பலகையைப் பால் ஊற்றிக் கழுவினார்கள். அரசனானதும் அவன் படையெடுத்துச் சாக்கியரை அழித்தான் என்கிறது பாலி மரபு.

உபாலி ஓதிய விதிகள் அழியவில்லை. நம் திருவையாற்றைத் தொட்டு ஓடும் காவிரியின் கரையில், சோழநாட்டுப் பூதமங்கலத்தில் இருந்துகொண்டு, விநயத்தைச் சுருக்கிப் பாலி மொழியில் நூல் செய்தார் உறையூர்க்காரரான புத்ததத்தர்.

சபை இருப்பது மட்டும் போதாது. அதில் யாருக்கு இருக்கை என்பதே கேள்வி. நம் ஊர்களில் கிராம சபை கூடும்போது, சேரியிலிருந்து வருபவர் ஓரத்தில் நின்றால் அது சாக்கியர் சபைதான். மாணவர்கள் அடுத்த கூட்டத்துக்குப் போய், நம் மக்களை முன்வரிசையில் உட்கார வையுங்கள். தீர்மானத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, அதன் பிறகே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.