புடவை மூட்டையுடன் தோட்டம் புகுந்தவர்

நம் சாஆ வட்டாரத்தில் கடை வைத்திருக்கும் அன்பர்களுக்குத் தோட்டத்துக் கணக்கு புதிதல்ல. அன்று ரப்பர், இன்று செம்பனை. தோட்டத்தில் சம்பளம் போட்டால்தான் கடை நோட்டில் பற்றுத் தீரும். ஆகையால் கோ. நடேசய்யரின் சரிதை நமக்கு வேண்டியதே.

தஞ்சாவூரில் வர்த்தகமித்திரன் என்னும் வியாபாரிகள் பத்திரிகையை நடத்தி வந்தவர் அவர். 1915 வாக்கில் கொழும்புக்குப் போனவர், மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் நம்மவர் படும் பாட்டை நேரில் காண விரும்பினார். துரைமாரின் சொந்த நிலத்தில் அந்நியர் கால் வைத்தால் குற்றம். ஆனால் புடவை வியாபாரிக்குத் தடையில்லை. ஐயரும் புடவை வியாபாரியாக வேடம் பூண்டு உள்ளே போனார்.

லயத்தில் கண்டது கடன். ஊரைவிட்டுப் புறப்படும்போதே கங்காணியிடம் பட்ட கடன். கடன் தொகையைக் குறித்த 'துண்டு' இல்லாமல் வேறு தோட்டம் போக முடியாது. புதுத் தோட்டம் அதைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். கடன் மட்டும் ஆளோடு கூடவே போகும். அம்முறை 1921-ல் சட்டத்தால் ஒழிந்தது. ஒழிந்தது இலங்கையின் துண்டு, கடன் ஒழியவில்லை. 2020-ல் மலேசியாவின் இரு பெரிய நிறுவனங்களின் செம்பனை எண்ணெயை அமெரிக்கச் சுங்க இலாகா தடுத்தபோது சொன்ன காரணங்களில், தொழிலாளரைக் கடனால் கட்டி வைப்பதும் ஒன்று.

ஒன்று யோசிக்க வேண்டும். மற்றப் புடவைக்காரரும் அதே லயங்களுக்குத்தான் போய் வந்தார்கள். அவர்கள் முழம் போட்டு, பாக்கியை எழுதிக்கொண்டு மலை இறங்கினார்கள். இவர் கண்டதை எழுதி அச்சேற்றினார். நாமும் தேயிலைப் பெட்டி, எண்ணெய் டின் வந்தால் எடை பார்க்கிறோம், விலை பார்க்கிறோம். எடுத்த கைக்கு என்ன கிடைத்தது என்று மொத்த வியாபாரியிடம் கேட்டதுண்டா?

1929-ல் மலைநாட்டில் நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43. கொழுந்தெடுத்தவர் பெரும்பாலும் பெண்களே. பிறகு உலகச் சந்தையில் தேயிலை விலை விழுந்ததும் அதையும் குறைத்தார்கள். லண்டனில் தேத்தண்ணீர் குடித்தவர், மலிவாயிற்றே என்று மகிழ்ந்திருப்பார்.

ஐயர் 1931-ல் அட்டனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். மனைவி மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாட்டுக் கட்டிப் பாடினார். படிக்கத் தெரியாத ஜனங்களுக்குப் பத்திரிகையைவிடப் பாட்டே எட்டியது. 1936-ல் அட்டன் தொகுதி அவரை அரசாங்க சபைக்கு அனுப்பியது. 1947 தேர்தலில் தோற்றார். அவ்வாண்டு நவம்பரில் காலமானார்.