நீதியைத் தேடிய துறவி மார்ட்டின் லூத்தர்

லூத்தர் என்றதும் திருச்சபையைப் பிளந்தவர் என்ற எண்ணமே உங்களில் பலருக்கு எழும். அவர் முதலில் தம் ஆன்ம ஈடேற்றத்தை எண்ணி நடுங்கிய ஒரு கத்தோலிக்கத் துறவி என்பதைச் சற்றே நினைத்துப் பாருங்கள்.

1483 நவம்பர் 10ஆம் திகதி ஜெர்மனியின் ஐஸ்லேபன் நகரில் பிறந்தார். மறுநாள் புனித மார்ட்டின் திருநாளில் ஞானஸ்நானம் பெற்றதால் அப்பெயர் வாய்த்தது. செம்புச் சுரங்கத் தொழில் நடத்திய தந்தை, மகனைச் சட்டம் படிக்க அனுப்பினார். 1505 ஜூலையில் வழியில் இடிமின்னலில் அகப்பட்ட இளைஞர், புனித அன்னம்மாளைக் கூவியழைத்துத் துறவியாவதாக நேர்ந்துகொண்டார். இரண்டு வாரங்களில் எர்ஃபூர்ட் அகுஸ்தீனார் மடத்தில் சேர்ந்தார்; 1507இல் குருவானார்.

மடத்தில் அவருக்கு அமைதி கிட்டவில்லை. உபவாசம், கண்விழிப்பு, மணிக்கணக்கான பாவசங்கீர்த்தனம் எல்லாம் செய்தார். செய்தது போதுமா என்ற கேள்வி மட்டும் விடவில்லை. மேலாளரான ஸ்டௌபிட்ஸ் அடிகளார் அவரைக் கிறிஸ்துவின் காயங்களை நோக்கத் திருப்பினார். விற்றன்பேர்க் பல்கலைக்கழகத்தில் வேதாகமம் கற்பித்தபோது, புனித சின்னப்பர் உரோமையருக்கு எழுதிய திருமுகம் அவரை ஆட்கொண்டது. இறைவனின் நீதி என்பது பாவியைத் தண்டிக்கும் நீதி என்றே அதுவரை எண்ணியிருந்தார். அது பாவிக்கு இலவசமாய் அளிக்கப்படும் நீதி, விசுவாசத்தால் ஏற்கப்படுவது என்று கண்டபோது, சுவர்க்கத்தின் வாசலே திறந்தாற்போல் உணர்ந்ததாக முதுமையில் எழுதினார்.

1517இல் தெத்செல் என்ற சாமிநாதர் சபைக் குரு பலன் பத்திரங்களைப் பணத்துக்கு வழங்கி வந்தார். அப்பணத்தில் பாதி உரோமையின் புனித இராயப்பர் பேராலயத்துக்கு. மறுபாதி மைன்ஸ் பேராயர் பட்ட கடனுக்கு. இதை மூடி மறைப்பதில் நமக்கு என்ன இலாபம்? அக்டோபர் 31இல் லூத்தர் 95 கூற்றுக்களைப் பேராயருக்கு அனுப்பினார். 1521இல் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டார்.

அடுத்த ஆண்டு வெளிவந்த அவரது ஜெர்மன் புதிய ஏற்பாட்டில், உரோமையர் 3:28இல் விசுவாசத்தால் ‘மட்டும்’ என்ற சொல்லைச் சேர்த்தார். அந்த ஒரு சொல்லில்தான் பூசல் மூண்டது. ஆனால் நற்செயல் வேண்டாமென்று அவர் போதித்தார் எனச் சொல்வது தவறு. நல்ல மரம் நல்ல கனி தரும். கனி மரத்தை நல்லதாக்குவதில்லை. அவர் கொண்ட ஒழுங்கு அதுவே. 1525இல் கிளர்ந்தெழுந்த குடியானவர்களுக்கும், 1543இல் யூதருக்கும் எதிராக அவர் எழுதிய கொடிய சொற்களில் அக்கனியைக் காணோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

1546 பெப்ரவரி 18இல் பிறந்த ஊரிலேயே மரித்தார். மறு ஆண்டு ஜனவரியில் திரெந்து பொதுச்சங்கம் தீர்ப்பளித்தது. விசுவாசம் மட்டும் போதும் என்பதை மறுத்த அச்சங்கம், எந்த நற்செயலாலும் முதல் வரப்பிரசாதத்தைச் சம்பாதிக்க முடியாது என்றும் போதித்தது. நேர்த்திக்கடனைக் கடவுளோடு செய்யும் வியாபாரமாக எண்ணுகிற நம்மவரில் எத்தனை பேர் இதை அறிவர்?

லூத்தர் தம் கூற்றுக்களைக் கைவிட வேண்டுமென்று 1518இல் கர்தினால் கயெத்தான் வற்புறுத்தியது அவுக்ஸ்பூர்க் நகரில். அதே நகரில் 1999 அக்டோபர் 31ஆம் திகதி, மனிதன் நீதிமானாவது தன் புண்ணியத்தால் அல்ல, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் கொள்ளும் விசுவாசத்தில், அருளால் மட்டுமே என்ற கூட்டறிக்கையில் கத்தோலிக்க, லூத்தரன் சபைகளின் பிரதிநிதிகள் கையொப்பமிட்டனர்.