கோவை தந்த விந்தை மனிதர் ஜி.டி. நாயுடு



நம் ஜார்ஜ் டவுன் தெருக்களில் 1925 முதல் 1961 வரை டிராலி பஸ்கள் ஓடின. மேலே கட்டிய கம்பியிலிருந்து மின்சாரத்தை எடுத்துக்கொண்டு, புகையில்லாமல் ஓடிய பஸ்கள் அவை. பிறகு எண்ணெய் வண்டிகள் வந்தன, அவை மறைந்தன. இன்று உலகம் மறுபடியும் மின்சாரத்தின் பக்கம் திரும்பியிருக்கிறது. 2024-ல் நார்வே நாட்டில் விற்ற புதுக் கார்களில் பத்துக்கு ஏறக்குறைய ஒன்பது மின்சாரக் கார்கள். அதே ஆண்டு டிசம்பரில் நம் புரோட்டோனும் தன் முதல் மின்சாரக் காரை வெளியிட்டது.

இந்த வண்டிகளுக்கெல்லாம் உயிர், மின்மோட்டார். அந்த மோட்டாரை இந்திய மண்ணிலேயே செய்து காட்டியவர்களில் ஒருவர்தான் ஜி.டி. நாயுடு.

கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் கலங்கல் என்ற கிராமத்தில், 1893 மார்ச் 23-ஆம் நாள் அவர் பிறந்தார். பள்ளிக்கூடம் என்றாலே அவருக்கு ஆகாது. ஒருநாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்ததைப் பார்த்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை. இது எப்படி ஓடுது என்ற கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை. கோவைக்குப் போய் ஓட்டலில் பரிமாறுகிற வேலையில் சேர்ந்து, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் காசு சேர்த்தார். 300 ரூபாய் கொடுத்து அந்த வண்டியையே வாங்கினார். வாங்கியவர் ஊர் சுற்றப் போகவில்லை. அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் போட்டு, மறுபடி பூட்டினார். அதுதான் அவர் படித்த பள்ளிக்கூடம்.

1920-ல் ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அந்த ஒரே பஸ், யு.எம்.எஸ். என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது. 1937-ல் கோவை பீளமேட்டில், டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து அவர் உருவாக்கியதே இந்தியாவில் தயாரான முதல் மின்மோட்டார் என்று பெயர் பெற்றது. மின்சாரச் சவரக் கருவி, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் சுழலும் விசிறி என்று அவர் செய்தவை எத்தனையோ!

1952-ல் இரண்டு பேர் போகக்கூடிய சிறிய பெட்ரோல் கார் ஒன்றைச் செய்தார். விலை 2,000 ரூபாய். சாதாரணக் குடும்பமும் கார் ஏறலாம் என்பது அவர் கனவு. ஆனால், தயாரிக்க அரசாங்கம் உரிமம் தரவில்லை. அந்தக் கார் வீதிக்கு வராமலே போயிற்று. புது வண்டியைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது. அதை ஓடவிடுகிற மனமும் நாட்டுக்கு வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

இவரே படிக்கலையே, நமக்கு எதுக்குப் படிப்பு என்று பிள்ளைகள் யாரும் கேட்டுவிடாதீர்கள்! கோவையில் 1945-ல் தொழில்நுட்பக் கல்லூரி உருவாக முன்னின்றவரே அவர்தான். நாலு வருஷப் படிப்பை ரெண்டு வருஷத்தில் சொல்லித் தரலாம் என்றார்; அரசு ஒத்துக்கொள்ளாததால் பொறுப்பிலிருந்து விலகினார். அவர் வெறுத்தது படிப்பை அல்ல, கை படாத படிப்பை.

1974 ஜனவரி 4-ஆம் நாள் அவர் மறைந்தார்.

தோட்டத்து அப்பாமார்களே! வீட்டில் மோட்டார் சைக்கிளைப் பிரிக்கும்போது, பிள்ளை எட்டிப் பார்த்தால் போடா அந்தப் பக்கம் என்று விரட்டாதீர்கள். பக்கத்தில் உட்காரவைத்து, பையனோ பெண்ணோ, கையில் ஒரு ஸ்பானரைக் கொடுங்கள். மின்சார வண்டிகள் நம் ஊருக்கு வந்துகொண்டிருக்கின்றன. அவற்றைப் பழுது பார்க்கவும், புதிதாகச் செய்யவும் ஆள் வேண்டும். அந்த ஆள் நம் பள்ளியிலிருந்தும் புறப்படட்டும்!