பாலரின் தோழர் பாங் ஜங் ஹ்வான்

தொப்பூர்க் கணவாயின் அடிவாரத்தில் வளர்ந்த நாம், பாட்டிமார் தொட்டிற்பிள்ளையைச் சாமி என்றழைத்து, வாங்க, போங்க என்று கொஞ்சக் கேட்டிருக்கிறோம். அப்பிள்ளை ஓடியாடி ஏவல் செய்யும் பருவம் வந்ததும் அம்மரியாதை நீங்கிவிடும். அப்பால் வாடா, போடா தான். இதனை நாம் ஒரு பொருட்டாக எண்ணியதில்லை. கொரியா தேசத்திலோ, இதையே பெருங்குறையெனக் கண்ட ஒருவர் இருந்தார்.

பாங் ஜங் ஹ்வான் 1899-ஆம் ஆண்டு சியோல் நகரிற் பிறந்தார். அவருக்குப் பதினொரு வயது நிரம்புமுன்னே, 1910-இல், ஜப்பானியர் அத்தேசத்தைக் கைக்கொண்டனர். 1919-இல் எழுந்த விடுதலைக் கிளர்ச்சியில் அவருடைய மாமனார் சோன் பியோங் ஹீ முன்னின்று சிறை புகுந்தார். மருமகனோ கல்வியின் பொருட்டு ஆண்ட தேசத்தின் தலைநகராகிய டோக்கியோவுக்கே சென்றார். அங்கே பாலர் இலக்கியத்தில் அவர் மனம் பதிந்தது. அயல்நாட்டுக் கதைகளைத் தம் மொழியிற் பெயர்த்து 1922-இல் நூலாக்கினார்.

கொரிய மொழியிலும் நம் தமிழிற்போலவே மரியாதைச் சொல்லும் எளிய சொல்லும் வேறு வேறு. சிறுவரை இழித்தழைக்கும் வழக்கை மாற்ற எண்ணி, மதிப்புத் தோன்றும் ஓரினி என்ற சொல்லை அவர் நாடெங்கும் பரப்பினார். 1923 மார்ச்சில் தொடங்கிய பத்திரிகைக்கும் அதையே பெயராக இட்டார். அவ்வாண்டு மே முதல் நாள், டோக்கியோவில் கொரிய மாணவர் சிலருடன் சேக்டோங் சங்கத்தை நிறுவினார். சேக்டோங் என்பது குழந்தைகள் விழாநாளில் அணியும் பலநிறப் பட்டைத் துணி. அந்நியர் நகரில், தம் வீட்டுப் பிள்ளைகளின் சட்டைக் கையை நினைந்து வைத்த பெயர் போலும்! அதே நாளில் சியோலில் பாலர் தினம் கொண்டாடப்பட்டது. துண்டுப் பிரசுரங்கள் வழங்கப்பெற்றன. பிள்ளைகளிடம் மரியாதையாய்ப் பேசுக, வேளைக்கு முடி வெட்டிக் குளிப்பாட்டுக, போதிய அளவு உறங்கவிடுக என்பன பெரியோர்க்கு இட்ட வேண்டுகோள்கள். சுதந்தரம் பற்றிய பேச்சு அவற்றில் இல்லை. எனினும் அடிமைப்பட்ட நாட்டில், பிள்ளையை நிமிர்ந்து நிற்கச் செய்வது சிறு காரியமா?

அவர் கதை சொல்லுங்கால், வேவு பார்க்க வந்த காவலரும் கண்ணீர் விட்டனர் என்பர். ஓயாது உழைத்து உடல் நலிந்து, 1931 ஜூலை 23-இல் தம் முப்பத்தோராம் வயதில் காலமானார். அதன்பின் சில ஆண்டுகளில் ஆட்சியாளர் அவ்விழாவையும் ஒடுக்கினர். தேசம் விடுதலையுற்றபின், 1946 முதல் மே 5-ஆம் நாளில் அது மீண்டும் நடைபெறலாயிற்று. 1975-இல் பொது விடுமுறையுமாயிற்று. பிள்ளைகளின் பொருட்டுப் பெரியோரும் வேலை ஒழிந்து வீட்டிலிருக்கும் நாள் அது.