சான்றிதழ் கேட்காத பந்தி

காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் நோக்கிச் செல்வோருக்குத் தாமல் என்பது நெடுஞ்சாலையை ஒட்டி விரிந்து கிடக்கும் ஓர் ஏரியின் பெயராகவே அறிமுகமாகியிருக்கும். எனக்கு அது பிறந்த ஊர். பணி ஓய்வுக்குப் பிறகு திரும்பி வந்து வாழும் ஊரும் அதுவே. நண்பகல் வேளையில் பள்ளிக்கூடத்தைக் கடந்து செல்லும்போது, சாம்பார் மணமும் தட்டுகளின் ஓசையும் தெருவரை வரும். அந்த ஓசையைக் கேட்கும்போதெல்லாம் ஒரு மனிதரின் வாழ்க்கையும், நான் செய்த ஒரு தவறும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன.

அந்த மனிதர் எம்.ஜி.ஆர். அவர் திரையில் வென்ற கதையும் தேர்தலில் வென்ற கதையும் தமிழர் அனைவரும் அறிந்தவை. அகதியாக வந்த குழந்தைகளுக்கும் நம் அரசுப் பள்ளிகளுக்கும் இடையிலான உறவில் அவருக்கு இருந்த பங்கு குறித்தே இங்கு எழுத விழைகிறேன். இன்று அது பெரிதும் பேசப்படுவதில்லை.

1917 ஜனவரி 17 அன்று இலங்கையின் கண்டிக்கு அருகே, நாவலப்பிட்டியில் அவர் பிறந்தார். மூன்று வயதை எட்டும் முன்பே தந்தையை இழந்தார். ஆதரவற்ற தாய் சத்தியபாமா, பிள்ளைகளுடன் கடல் கடந்து வந்து கும்பகோணத்தில் குடியமர்ந்தார். மூத்தவர் சக்கரபாணியும் இளையவர் இராமச்சந்திரனும் அங்குள்ள ஆனையடிப் பள்ளியில் சேர்க்கப்பட்டனர். ஆனால் வறுமை பள்ளியைவிட வலிமையானதாக இருந்தது. மூன்றாம் வகுப்போடு இளையவரின் படிப்பு நின்றது. உணவும் உறைவிடமும் கிடைக்கும் என்ற ஒரே காரணத்துக்காகச் சகோதரர்கள் இருவரும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் நாடகக் கம்பெனியில் சேர்ந்தனர்.

இந்நிகழ்வை ஒரு கலைஞனின் தொடக்கமாகக் கொண்டாடுவதே நம் வழக்கம். பொருளாதாரம் பயின்றவன் என்ற முறையில் எனக்கு அது வேறுவிதமாகத் தெரிகிறது. கடல் கடந்து வந்த ஒரு குடும்பம், வருவாய் ஈட்டுபவர் இல்லாத வீடு, பசி காரணமாகப் பள்ளியை விட்டு நின்ற ஒரு சிறுவன், அவனை ஏற்றுக்கொண்ட ஒரு வேலைத்தலம். இன்றைய கல்வித் துறையின் சொல்லில் அவர் ஓர் இடைநிற்றல் மாணவர். 1936-இல் வெளிவந்த 'சதி லீலாவதி'யில் சிறு வேடத்தில் தொடங்கி, 1947-இல் 'ராஜகுமாரி'யில் கதாநாயகனாக உயரும்வரை அவர் பட்ட துயரங்கள், கல்வி என்ற பிடிமானம் இல்லாதவர் படும் துயரங்களே. அவர் வென்றார் என்பதால் அந்தப் பாதை சரியான பாதை ஆகிவிடாது. அவரைப் போலப் பள்ளியை விட்டு நின்ற பல்லாயிரம் சிறுவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியாது.

காஞ்சிபுரத்தில் பிறந்த அண்ணாவைத் தலைவராக ஏற்று, அவர் பெயரிலேயே 1972-இல் கட்சி தொடங்கிய எம்.ஜி.ஆர்., 1977-இல் முதலமைச்சரானார். 1982 ஜூலை 1 அன்று திருச்சிராப்பள்ளி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். தம் இளமைப் பசியே அத்திட்டத்தின் வேர் என்பதை அவர் வெளிப்படையாகக் குறிப்பிட்டதுண்டு. 1920-களில் நீதிக்கட்சியின் பொறுப்பில் இருந்த சென்னை மாநகராட்சிப் பள்ளிகளிலும், 1950-களில் காமராசர் ஆட்சியிலும் மதிய உணவு வழங்கப்பட்டது உண்மை. ஆயினும் ஏறத்தாழ 60 லட்சம் குழந்தைகளை ஒரே வீச்சில் பந்தியில் அமர்த்தியது இத்திட்டமே.

நான் அப்போது இருபத்தைந்து வயது விரிவுரையாளன். புத்தகங்களில் படித்த வளர்ச்சிக் கோட்பாடுகள் புதிதாகத் தலைக்குள் ஏறியிருந்தன. கருத்தரங்கு ஒன்றில், இது உற்பத்திக்கு உதவாத செலவு என்றும், இந்தத் தொகையைப் பாசனத்துக்கும் தொழிலுக்கும் திருப்பினால் வறுமை தானே குறையும் என்றும் வாதிட்டேன். கைதட்டலும் கிடைத்தது.

விடுமுறையில் ஊருக்கு வந்தபோதுதான் என் வாதத்தின் ஓட்டை தெரிந்தது. எங்கள் பகுதியில் பட்டு நெசவு என்றால் கோர்வைச் சேலை. உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் அமைய, ஒவ்வொரு ஊடைக்கும் கரைப் பக்கம் நாடாவைக் கோத்துத் தர ஒரு துணையாள் வேண்டும். அந்தத் துணையாள் பெரும்பாலும் எட்டு வயது, பத்து வயதுப் பிள்ளைதான். நானும் என் சிறுவயதில் தறியருகே அப்படி உட்கார்ந்தவன்தான். மதிய உணவு வந்த பிறகு, என் தெருவில் தறியிலிருந்து சில பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியிருந்தனர். ஒரு வேளைச் சோறு மிச்சமாவது நெசவாளர் வீட்டுக் கணக்கில் சிறிய தொகை அன்று. குழந்தைத் தொழிலாளர் முறை ஒரே நாளில் ஒழிந்துவிடவில்லை. காஞ்சிபுரம் தறிகளில் அது மேலும் பல்லாண்டுகள் நீடித்தது. ஆனால் பள்ளியின் பக்கம் ஓர் எடை கூடியிருந்தது. 2001-இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு வழங்க ஆணையிட்டபோது, என் பழைய கருத்தரங்கு உரையை எண்ணி நாணினேன்.

சத்துணவு தொடங்கி ஓராண்டு கழிந்த நிலையில், 1983 ஜூலையில் இலங்கையில் தமிழருக்கு எதிரான கொடும் வன்முறை வெடித்தது. இராமேசுவரம் கரைக்குப் படகுகள் வரத் தொடங்கின. 1983 முதல் 1987 வரையிலான முதற்கட்டத்தில் மட்டும் 1,34,000-க்கும் மேற்பட்டோர் வந்ததாக அரசின் பதிவேடு கூறுகிறது. அவர்களுள் கணிசமானோர் பள்ளி வயதினர்.

இந்தியா, 1951-ஆம் ஆண்டின் ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திட்ட நாடு அன்று. தொடக்கக் கல்வியில் அகதிக் குழந்தைகளைச் சொந்தக் குடிமக்களுக்கு இணையாக நடத்த வேண்டும் என்று அந்த உடன்படிக்கை கூறுகிறது. நம்மைக் கட்டுப்படுத்தும் சட்டம் எதுவும் இல்லாத நிலையிலும், எம்.ஜி.ஆர். அரசு அந்தக் குழந்தைகளுக்கு அரசுப் பள்ளிகளின் கதவைத் திறந்தது. பாடநூலும் சீருடையும் சத்துணவும் உள்ளூர்ப் பிள்ளைகளைப் போலவே அவர்களுக்கும் கிடைத்தன. உயர்கல்வியிலும் தொழிற்கல்வியிலும் அவர்களுக்கென இடங்கள் ஒதுக்கப்பட்டன. ஈழத்துத் தலைவர் செல்வநாயகத்தின் மகன் சந்திரகாசன் 1984-இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், அகதிகளில் படித்தவர்களைக் கொண்டே முகாம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் பணியை மேற்கொண்டது.

இதே காலத்தில் உலகின் மறுகோடியிலும் இக்கேள்வி எழுந்தது. ஆவணமற்ற குடியேறிகளின் பிள்ளைகளைப் பொதுப் பள்ளியில் சேர்க்க மறுக்கலாம் என்ற டெக்சாஸ் மாநிலச் சட்டத்தை, அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1982 ஜூன் 15 அன்று செல்லாது என்று அறிவித்தது. ஒன்பது நீதிபதிகளில் ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாக, நூலிழையில் கிடைத்த தீர்ப்பு அது. அங்கே நீதிமன்றம் செய்ய வேண்டியிருந்ததை, இங்கே மூன்றாம் வகுப்போடு பள்ளியை இழந்த ஒருவரின் நிர்வாகம் வழக்கின்றிச் செய்தது.

எம்.ஜி.ஆரைக் குறையற்றவராகக் காட்டுவது என் நோக்கமன்று. ஈழத்தின் ஆயுதக் குழுக்களுக்கு அவர் அளித்த ஆதரவு குறித்துக் கடுமையான விமர்சனங்கள் உண்டு. அவர் காலத்தில் பெருகத் தொடங்கிய சுயநிதிக் கல்லூரிகள், ஏழை மாணவருக்குத் தொழிற்கல்வியை எட்டாக்கனியாக்கின என்ற குறையும் உண்டு. அகதிகள்பால் அவர் காட்டிய பரிவில் அரசியல் கணக்கும் கலந்திருக்கலாம். ஆனால் வகுப்பறையில் அமர்ந்த குழந்தைக்கு அந்தக் கணக்கு தெரியாது. பாடசாலை என்ற சொல்லைப் பள்ளிக்கூடம் என்று மாற்றிக்கொள்ளவும், கதைத்தல் என்றால் இங்கே பேசுதல் அன்று என்று புரிந்துகொள்ளவுமே அதற்கு நேரம் சரியாக இருந்திருக்கும்.

1987 டிசம்பர் 24 அன்று எம்.ஜி.ஆர். மறைந்தார். அவர் திறந்த கதவு நெடுநாள் அப்படியே இருக்கவில்லை. 1991 மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். எங்கள் மாவட்ட மண்ணில் நிகழ்ந்த அந்தக் கொடுமைக்குப் பின், அகதிகள் அனைவரும் ஐயத்துடன் நோக்கப்பட்டனர். கல்விச் சலுகைகள் நிறுத்தப்பட்டன. 1996-க்குப் பிறகே அவை படிப்படியாகத் திரும்பின. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகள் என்பது ஒரு பிள்ளை ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பை முடிக்கும் காலம்.

என் தவறு அந்த இடைவெளியில் நிகழ்ந்தது. நான் பணியாற்றிய கல்லூரி ஒன்றின் மாணவர் சேர்க்கைக் குழுவில் அப்போது உறுப்பினன். முகாமிலிருந்து ஒரு மாணவி தந்தையுடன் வந்திருந்தாள். தமிழ்நாட்டுப் பள்ளியில் பயின்று பெற்ற நல்ல மதிப்பெண்கள் அவளிடம் இருந்தன. அகதி மாணவர் விண்ணப்பங்களைப் பரிசீலிக்க வேண்டாம் என்ற அறிவுறுத்தல் என்னிடம் இருந்தது. விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மேலிடத்துக்கு ஒரு பரிந்துரைக் குறிப்பு எழுதியிருக்கலாம். துறைத்தலைவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அப்படிக் கேட்டதற்காக என் வேலை போயிருக்காது. தந்தை கும்பிட்டுவிட்டு வெளியேறினார். அந்த மாணவி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. தறியருகே அமர்ந்திருந்த என்னைப் பள்ளிக்கு இழுத்து வந்த ஆசிரியர் எந்த விதியையும் பார்க்கவில்லை என்பது எனக்கு அன்று நினைவுக்கு வரவில்லை.

இன்று நிலைமை பெரிதும் மாறியிருக்கிறது. 2021-இல் தமிழக அரசு ரூ.317 கோடி மதிப்பிலான திட்டங்களை அறிவித்து, அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என மாற்றியது. கல்வி உதவித்தொகையும் உயர்த்தப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர் வாழ்வதாக அப்போது தெரிவிக்கப்பட்டது. அவர்களின் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியில் இடம் உண்டு. மதிய உணவு உண்டு. இப்போது காலை உணவும் உண்டு.

ஆனால் பள்ளி முடிந்த பின் என்ன என்ற கேள்விக்கு இன்னும் விடையில்லை. நம் குடியுரிமைச் சட்டப்படி, 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதன் பின் பிறந்தவருக்குப் பெற்றோரின் குடியுரிமையும் தேவை. எம்.ஜி.ஆர். வாழ்ந்த கடைசி ஆண்டின் நடுவே இந்தக் கோடு கிழிக்கப்பட்டிருக்கிறது. கோட்டுக்கு இப்பால், அகதிப் பெற்றோருக்கு இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, தமிழ்நாட்டைத் தவிர வேறு மண்ணைக் காணாத இளைஞர்கள் சட்டத்தின் கண்ணில் அயலார். அவர்களுக்கு அரசுப் பணி இல்லை. 2019-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தத்திலும் இலங்கை சேர்க்கப்படவில்லை. பொறியியல் பட்டம் பெற்றும் வண்ணம் பூசும் கூலி வேலைக்குச் செல்லும் முகாம் இளைஞர்களைக் காண்கிறோம்.

இதில் ஒரு பொருளாதார உண்மை பொதிந்திருக்கிறது. குடும்பங்கள் கல்வியில் முதலீடு செய்வது எதிர்காலப் பயனை எதிர்பார்த்தே. பட்டம் பெற்ற அண்ணன் சுவருக்கு வண்ணம் பூசுவதைக் காணும் தம்பி, பத்தாம் வகுப்பிலேயே தூரிகையைக் கையில் எடுத்துவிடுகிறான். அவனைப் பள்ளியில் நிறுத்திவைக்க உதவித்தொகை மட்டும் போதாது. படிப்புக்கேற்ற வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை வேண்டும். இங்கே பிறந்தவர்களுக்குக் குடியுரிமை வழங்குவதை மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும். அதுவரை, கல்விக் கடனும் தனியார் வேலைவாய்ப்பும் அடையாள ஆவணச் சிக்கலால் தடைபடாதவாறு மாநில அரசு வழி காண வேண்டும். ஒரு குழந்தையைப் பன்னிரண்டு ஆண்டுகள் படிக்கவைத்துவிட்டு, அந்தப் படிப்பைப் பயன்படுத்தத் தடை விதிப்பது, நான் இளமையில் தவறாகச் சத்துணவின் மீது சுமத்திய பழிக்கு உண்மையிலேயே உரியது. அதுதான் வீண் செலவு.

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நாளில் எங்கள் ஊர்ப் பள்ளிக்குச் செல்கிறேன். மாற்றுச் சான்றிதழோ பிறப்புச் சான்றிதழோ இல்லாமல் எந்தப் பிள்ளை வந்தாலும், அது வடமாநிலத் தொழிலாளியின் பிள்ளையானாலும் முகாம் பிள்ளையானாலும், முதலில் வகுப்பில் அமர்த்திவிட்டு என்னை அழைக்குமாறு தலைமையாசிரியரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். விண்ணப்பம் எழுதுவதும் அலுவலகங்களுக்கு நடப்பதும் என் பொறுப்பு. கல்வி உரிமைச் சட்டமே, வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது. கடந்த ஆண்டு இருமுறை அழைப்பு வந்தது. இரு பிள்ளைகளும் இப்போது படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

1991-இல் நான் திருப்பி அனுப்பிய மாணவிக்கு இப்போது ஐம்பது வயதைக் கடந்திருக்கும். அவர் எங்கிருக்கிறார் என்பதை நான் அறியேன். அவருக்குப் பட்ட கடனை வேறு பிள்ளைகளிடம்தான் அடைக்க முடிகிறது.

கட்டுரையாளர்: பேராசிரியர் (ஓய்வு).