வயிற்றில் ஒரு ஜன்னல்! (டாக்டர் வில்லியம் போமான்ட்டின் கதை)



மத்தியான மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே நம்ம வயிறு கடமுடன்னு சத்தம் போட ஆரம்பிச்சிடும். டிபன் பாக்ஸைக் காலி பண்ணிட்டு விளையாட ஓடிடுவோம். உள்ளே போன சோறு என்ன ஆச்சுன்னு யாராவது யோசிச்சிருக்கோமா? இரைப்பை நீர், ஹைட்ரோகுளோரிக் அமிலம், பெப்சின் என்று மனப்பாடம் செய்து மார்க் வாங்குவதோடு சரி. ஆனால் எக்ஸ்ரேயும் எண்டோஸ்கோப்பியும் இல்லாத காலத்தில், உயிரோடு இருக்கும் ஒரு மனிதரின் வயிற்றுக்குள் நடப்பதை ஒரு டாக்டர் நேராகக் கண்ணால் பார்த்தார். அவர்தான் வில்லியம் போமான்ட்.

1785 நவம்பர் 21 அன்று அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், லெபனான் என்ற ஊரில், ஒரு விவசாயக் குடும்பத்தில் அவர் பிறந்தார். (லெபனான் நாடு இல்லைங்க, அதே பெயரில் ஓர் அமெரிக்க ஊர்!) வாலிப வயதில் கொஞ்ச காலம் பள்ளி ஆசிரியராக இருந்தார். மருத்துவக் கல்லூரிப் பக்கமே அவர் போனதில்லை. வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு டாக்டரிடம் உதவியாளராகச் சேர்ந்து தொழில் கற்றுக்கொண்டு, 1812-இல் மருத்துவம் பார்க்க அனுமதி பெற்றார். அதே வருடம் அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் போர் வந்தது. போமான்ட் ராணுவத்தில் சேர்ந்து காயம்பட்ட வீரர்களுக்கு வைத்தியம் செய்தார். 1820-இல் ஹூரான் ஏரியில் உள்ள மெக்கினா தீவுக் கோட்டைக்கு டாக்டராகப் போனார்.

மெக்கினா தீவில் அப்போது விலங்குத் தோல் வியாபாரம் ஜோராக நடந்தது. 1822 ஜூன் 6 அன்று, அங்கிருந்த வியாபாரக் கம்பெனியின் கடையில் ஒரு துப்பாக்கி தவறுதலாக வெடித்தது. பக்கத்தில் நின்ற அலெக்ஸிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞரின் இடது விலாவில் குண்டு பாய்ந்தது. அவர் கனடாவைச் சேர்ந்தவர், படகில் சரக்கு கொண்டு போகும் கூலித் தொழிலாளி. போமான்ட் ஓடி வந்து பார்த்தார். விலா எலும்புகள் உடைந்திருந்தன. இரைப்பையிலும் ஓட்டை விழுந்து, காலையில் சாப்பிட்டது வெளியே வந்துகொண்டிருந்தது. பிழைக்க மாட்டார் என்றுதான் போமான்ட் நினைத்தார். ஆனாலும் கைவிடவில்லை.

முதல் 17 நாளும் சாப்பிட்டதெல்லாம் ஓட்டை வழியாகவே வெளியே வந்துவிட்டது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக உணவு உள்ளே தங்கியது. ஒரு வருடத்தில் காயம் ஆறியது. ஆனால் ஓட்டை மட்டும் மூடவே இல்லை! இரைப்பையின் விளிம்பு வெளித்தோலோடு ஒட்டிக்கொண்டு, விரல் நுழையும் அளவுக்கு ஒரு ஜன்னல் மாதிரி நின்றுவிட்டது. நாளடைவில் உள்ளிருந்து சவ்வு வளர்ந்து அதைக் கதவு போல மறைத்தது. அதை விரலால் தள்ளினால் வயிற்றின் உள்பக்கம் தெரியும்.

இதற்கிடையே, இனிமேல் செலவு செய்ய முடியாது, ஊருக்கே அனுப்பிவிடுவோம் என்று உள்ளூர் அதிகாரிகள் முடிவு செய்தார்கள். அந்த நிலைமையில் அவ்வளவு தூரம் போனால் செத்துவிடுவார் என்று பயந்து, போமான்ட் தன் வீட்டிலேயே அவருக்கு இடம் கொடுத்தார். செயின்ட் மார்ட்டினும் விறகு வெட்டி, வீட்டு வேலைகள் செய்தார்.

உணவு வயிற்றில் எப்படிச் செரிக்கிறது? அழுகுகிறதா, அரைபடுகிறதா, சூட்டில் வேகிறதா? ரொம்ப காலமாக அறிஞர்களுக்குள் இந்தச் சண்டை இருந்தது. கண்ணெதிரே ஜன்னல் இருக்கும்போது போமான்ட் சும்மா இருப்பாரா?

1825 ஆகஸ்ட் 1, மதியம் 12 மணி. மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி, ரொட்டி, கோஸ் ஆகியவற்றைத் துண்டு துண்டாகப் பட்டு நூலில் கட்டி ஓட்டை வழியாக உள்ளே விட்டார். 1 மணி நேரம் கழித்து இழுத்துப் பார்த்தால் கோஸும் ரொட்டியும் பாதி கரைந்திருந்தன. 2 மணி நேரத்தில் அவை நூலிலேயே இல்லை! அதே மாதத்தில், இரைப்பை நீரைக் குழாய் மூலம் ஒரு குப்பியில் எடுத்து, வேகவைத்த இறைச்சியைப் போட்டு, உடல் சூட்டிலேயே வைத்திருந்தார். சுமார் 10 மணி நேரத்தில் அதுவும் கரைந்தது. வயிற்றுக்கு வெளியேயும் இறைச்சி கரைகிறது என்றால் இது அழுகலோ அரைப்போ இல்லை, ரசாயன வேலை என்று தெரிந்துபோனது.

இன்னொன்றும் செய்தார், கேட்டா முகம் சுளிப்பீங்க! வெறும் வயிற்றின் உள்சுவரில் நாக்கை வைத்துப் பார்த்தார். புளிப்பு இல்லை. உணவு போட்ட பிறகு பார்த்தார். புளித்தது. உணவு வந்த பிறகுதான் அமிலம் நன்றாகச் சுரக்கிறது என்று புரிந்துகொண்டார். அந்த நீரைப் பேராசிரியர்களுக்கு அனுப்பினார். அதில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருப்பது உறுதியானது. ஆனால் அமிலம் மட்டும் போதாது, வேறு ஏதோ ஒன்றும் வேலை செய்கிறது என்றும் போமான்ட் சந்தேகப்பட்டார். அவர் சந்தேகப்பட்டது சரி. 1836-இல் ஜெர்மனியின் தியோடர் ஷ்வான் பெப்சின் என்ற நொதியைக் கண்டுபிடித்தார்.

இன்று நாம் படிப்பது இதுதான். அமிலம் கிருமிகளைக் கொல்கிறது, பெப்சினை வேலை செய்ய வைக்கிறது. பெப்சின் புரதத்தைத் துண்டாக்குகிறது. அப்படின்னா இறைச்சியையே கரைக்கிற நீர் நம்ம வயிற்றை ஏன் கரைக்கலை? காரணம் கோழைப்படலம். வழவழப்பான இந்தப் படலம் இரைப்பைச் சுவரைப் போர்த்தி, அமிலம் நேராகப் படாமல் காக்கிறது. சுவரின் மேல் செல்களும் சில நாட்களுக்கு ஒருமுறை புதிதாகின்றன. கூழான உணவு பிறகு சிறுகுடலுக்குப் போய் மீதிச் செரிமானம் நடக்கிறது.

இனி வருவதுதான் என் மனசைத் தொட்ட பகுதி. இந்தச் சோதனைகளால் செயின்ட் மார்ட்டினுக்கு வயிற்று வலியும் தலைசுற்றலும் வந்தன. பட்டினி கிடக்கணும், குழாயோடு படுத்திருக்கணும். அவருக்குக் கோபம் வரும். அந்தக் கோபத்தால் செரிமானம் கெடுவதையும் போமான்ட் நோட்டில் எழுதிக்கொண்டார்! 1825-லேயே செயின்ட் மார்ட்டின் சொல்லாமல் கனடாவுக்குப் போய்விட்டார். கல்யாணம் செய்துகொண்டார். வறுமை. 1829-இல் குடும்பத்தோடு திரும்பி வந்தார். 1832-இல் வருடம் 150 டாலரும் சாப்பாடும் தங்க இடமும் என்று ஒப்பந்தம் போட்டார்கள். 200-க்கும் மேற்பட்ட சோதனைகளைத் தொகுத்து, 1833-இல் போமான்ட் புத்தகம் வெளியிட்டார். உலகப் புகழ் வந்தது.

1834-இல் ஊருக்குப் போன செயின்ட் மார்ட்டின் பிறகு அவரிடம் வரவே இல்லை. போமான்ட் கடிதம் மேல் கடிதம் போட்டும் பலனில்லை. 1853-இல் பனி உறைந்த படிக்கட்டில் வழுக்கி விழுந்த போமான்ட், ஏப்ரல் 25 அன்று செயின்ட் லூயிஸ் நகரில் காலமானார். பிழைக்க மாட்டார் என்று நினைத்த அந்தத் தொழிலாளியோ, ஓட்டையோடு 58 வருடம் வாழ்ந்து 1880-இல்தான் இறந்தார். டாக்டர்கள் உடலை அறுத்துப் பார்க்கக் கூடாது என்று, குடும்பத்தார் பல நாள் காத்திருந்து ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்தார்கள். 1962-இல் அந்தக் கல்லறை அருகே நினைவுப் பலகை வைக்கப்பட்டது.

போமான்ட் நல்லவரா? சாகக் கிடந்தவரைக் காப்பாற்றினார், பொறுமையாக உண்மையைத் தேடினார். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஓர் ஏழையின் கஷ்டத்தைத் தன் ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தினார் என்பதும் உண்மைதானே? நீங்களே யோசிச்சுப் பாருங்க. அடுத்த பரீட்சையில் இரைப்பை நீர் கேள்வி வந்தால், டாக்டரோடு சேர்த்து அந்தப் படகுக்காரரையும் ஒரு நிமிஷம் நினைச்சுக்குங்க.

தெரிந்துகொள்வோம்! செயின்ட் மார்ட்டின் வயிற்றில் செரிக்க ஆன நேரம் (போமான்ட்டின் கணக்கு):
சோறு: 1 மணி
காய்ச்சிய பால்: 2 மணி
நன்றாக வேகவைத்த முட்டை: 3 மணி 30 நிமிடம்
வாட்டிய பன்றி இறைச்சி: 5 மணி 15 நிமிடம்
(இது ஒரே ஒருவர் வயிற்றின் கணக்கு. ஆளுக்கு ஆள் மாறும்!)

தொகுத்து எழுதியது: 9-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு