கடலை ஆராய்ந்த பொறியாளர்

மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் நின்று கிழக்கே நோக்கினால் காயலின் நடுவே நீண்ட தீவொன்று தோன்றும். அதுவே வில்லிங்டன் தீவு. அதன் பெரும்பகுதி நீருக்கடியிலிருந்து தோண்டி எடுத்த மண்ணால் ஆக்கப்பட்டது. அத்தீவையும் கொச்சித் துறைமுகத்தையும் உருவாக்கிய பொறியாளர் இராபர்ட் பிரிஸ்டோ ஆவார்.

பிரிஸ்டோ 1880ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். துறைமுகப் பொறியியலில் தேர்ச்சி பெற்ற அவரை, சென்னை மாகாண ஆளுநர் வில்லிங்டன் பிரபு 1920ஆம் ஆண்டு கொச்சிக்கு அனுப்பினார்.

அக்காலத்தில் மட்டாஞ்சேரிப் பண்டகசாலைகளில் மிளகும் சுக்கும் குவிந்து கிடந்தன. எனினும், பெரிய கப்பல்கள் காயலுக்குள் நுழைய இயலவில்லை. கடலும் காயலும் கூடும் முகத்துவாரத்தின் குறுக்கே பாறைபோல் இறுகிய மணல்திட்டு கிடந்தது. ஆகவே, கப்பல்கள் வெளிக்கடலிலேயே நங்கூரமிட்டன. தோணிகளில் சரக்கேற்றிச் சென்ற தொழிலாளர்கள், மழைக்காலத்தில் சீறும் அலைகளுக்கிடையே உயிரைப் பணயம் வைத்து உழைத்தனர்.

திட்டை வெட்டிவிட்டால் வழி பிறக்கும். ஆனால், அதனால் நீரோட்டம் மாறி, எதிரே உள்ள வைப்பின் தீவின் கரை அரிக்கப்படுமோ என்னும் அச்சம் இருந்தது. கரை அழிந்தால் அங்கு வாழும் மக்களின் நிலை என்னவாகும்?

பிரிஸ்டோ குறுக்கு வழியை நாடவில்லை. பருவமழைக் காலத்தில் கடலின் போக்கைக் கூர்ந்து ஆராய்ந்தார். கரையோரம் கருங்கல் தடுப்புகளை அமைத்துச் சோதித்தார். அலைகள் கொணர்ந்த மணல் அங்கே படிந்து கரையைக் காத்தது. கரைக்குப் பாதுகாப்பு உண்டு எனத் தெளிந்த பின்னரே, கால்வாய் தோண்டும் பெரும்பணி முழுவேகம் பெற்றது. தூர்வாரும் கப்பல் அள்ளிய மண், காயலில் கொட்டப்பட்டுத் தீவாக உயர்ந்தது.

1928ஆம் ஆண்டு மே 26ஆம் நாள் ‘பத்மா’ என்னும் நீராவிக் கப்பல் புதிய கால்வாய் வழியாக உள்துறைமுகத்தை அடைந்தது. 1936ஆம் ஆண்டு கொச்சி, பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. பிரிஸ்டோ 1941ஆம் ஆண்டு கொச்சியை விட்டுச் சென்றார். 1966ஆம் ஆண்டு மறைந்தார்.

கடற்பணியில் சோதனையைப் புறக்கணித்தால் நேரும் கேட்டினை நம் காலத்து நிகழ்ச்சியொன்று உணர்த்துகிறது. 2023ஆம் ஆண்டு, ‘டைட்டானிக்’ கப்பலின் சிதைவைக் காண அட்லாண்டிக் பெருங்கடலில் இறங்கிய ‘டைட்டன்’ என்னும் நீர்மூழ்கிக் கலம், நீரின் அழுத்தத்தால் நொறுங்கியது. அதிலிருந்த ஐவரும் மாண்டனர். கரிம இழையால் ஆன அதன் உடல், தகுதிச் சான்றளிக்கும் எந்த அமைப்பின் சான்றையும் பெற்றிருக்கவில்லை. வல்லுநர்கள் முன்பே விடுத்த எச்சரிக்கைகளும் ஏற்கப்படவில்லை.

புதுமை படைக்கும் துணிவு பொறியாளருக்கு வேண்டும். தம் படைப்பை நம்பி வாழ்வோரின் உயிரைக் காக்கும் பொறுமை அதனினும் வேண்டும். பிரிஸ்டோவிடம் அவ்விரண்டும் இருந்தன.

சிந்தித்து விடை எழுதுக:
1. மணல்திட்டை உடனே வெட்டுவதில் இருந்த ஆபத்து யாது?
2. பிரிஸ்டோவின் பணிக்கும் ‘டைட்டன்’ கலத்தின் அமைப்புக்கும் இடையே நீ காணும் வேறுபாட்டை ஐந்து தொடர்களில் எழுதுக.